அரண்மனைப் பேச்சு

“அப்படி எதுவும் இல்லீங்க. யாரோ தப்பா சொல்லியிருக்காங்க” என்று கர்சிடி சொல்லி முடித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த இபு சுடார்மியின் முகத்தில் அவருக்கு மிகவும் பழக்கமான ஒரு மாற்றம் வந்தது. கண்கள் கொஞ்சம் சுருங்கின. கீழுதடு உள்ளே போனது. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. கர்சிடி நடிக்கும் நாடகக் கொட்டகையில் மேடை வெளிச்சம் முன்வரிசைகள் வரைக்கும்தான் எட்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகத்தில் இதே மாற்றத்தை அவர் வருடக்கணக்காகப் பார்த்து வருகிறார். மந்திரி வேஷத்தில் அவர் ராஜாவிடம் முதல் பொய்யைச் சொல்லும் இடத்தில் அது வரும். வந்தால் காட்சி எடுபட்டுவிட்டது என்று அர்த்தம். வராத நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இன்று அது வந்திருக்கக் கூடாது, ஏனென்றால் இது மேடை இல்லை, அவர் சொன்னது பொய்யும் இல்லை.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அது. கெடிரியில் மஞ்சள் டோஃபு செய்து விற்கும் இபு சுடார்மியின் வீட்டு முன்னறை. அவருடைய மகன் பிராப்தோ பள்ளிக்கூட வாத்தியார். கர்சிடியின் மகள் முர்தினியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான், அவளுக்கும் அதே ஆசை. பெருநாள் வாரத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம். பெண் வீட்டார் முந்திக்கொண்டு வந்த குறை தெரியாமல் இருக்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது என்று கர்சிடி மனைவி பைனாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். குனிந்து கைபிடித்து மன்னிப்புக் கேட்டார்கள். பலகாரம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு இபு சுடார்மி, கணவன் இல்லாமல் தொழில் நடத்திப் பழகிய பெண்ணின் பாணியில், சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். நாடகக் குழு பிளித்தார் ஊரில் கொட்டகை போட்டிருந்தபோது உங்களுக்கு அங்கே இன்னொரு குடும்பம் ஏற்பட்டுவிட்டதாகச் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள், உண்மைதானா என்று.

இல்லை என்பதுதான் உண்மை. அந்த இல்லையை எந்தப் பேச்சில் சொல்வது என்பதில்தான் தொல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு இரண்டு நாக்கு வேண்டும். மனைவியிடமும் பிள்ளையிடமும் கூட வேலை செய்கிறவனிடமும் பேச ஒன்று, வீட்டுப் பேச்சு. பெரியவர்களிடமும் சம்பந்திகளிடமும் அதிகாரிகளிடமும் பேச இன்னொன்று, அரண்மனைப் பேச்சு. நீ, நீங்கள் என்று வால் மட்டும் மாறுகிற விஷயம் இல்லை. சோறு, தூக்கம், வீடு, வருவது, போவது எல்லாவற்றுக்கும் சொல்லே வேறு. பெரியவர்கள் பெயருக்கு முன்னால் பெண்ணானால் இபு, ஆணானால் பாக் என்று சேர்ப்போம். மற்ற ஊர்களில் இரட்டை நாக்கு என்று திட்டுவதை நாங்கள் மரியாதை என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சம்பந்தி ஆகப்போகிறவரிடம் வீட்டுப் பேச்சில் பேசுவது அவர் முகத்தில் செருப்பை விட்டெறிவதற்குச் சமம். எனவே கர்சிடி தனக்குத் தெரிந்ததிலேயே மிக உயர்ந்த சொற்களை எடுத்து, குரலைத் தாழ்த்தி, கட்டை விரலை மடியில் மடக்கி வைத்துக்கொண்டு, அப்படி எதுவும் இல்லை என்றார். அந்தச் சொற்களும் அந்தக் குரலும் அந்தக் கட்டை விரலும் மந்திரியுடையவை. அடகு வைத்த பொருளை மீட்பதுபோல அவனிடமிருந்து மீட்டுக்கொள்ளக் கூடியவை அல்ல அவை.

இபு சுடார்மி நாடகம் என்றால் உயிரை விடுகிறவர். மந்திரி பொய் சொல்வதை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பாரோ. அவர் சண்டை போடவில்லை. சரிங்க, யோசிச்சுச் சொல்றேன் என்று அவரும் அரண்மனைப் பேச்சில் சொல்லி, போகும்போது ஒரு கூடை டோஃபு கொடுத்தனுப்பினார்.

குதிரை வண்டியில் திரும்பும்போது பைனா தொண்டை வலிக்கிற வரைக்கும் சந்தைக்காரர்களைத் திட்டினாள். முர்தினி மடியில் கூடையை வைத்துக்கொண்டு வந்தாள். குழுவின் கொட்டகை கண்ணில் பட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அப்பா, நீங்க பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க சொன்ன அந்த நிமிஷம் எனக்கே நம்பிக்கை வரல.”

மகள் சொன்னது சரி என்பதால் கர்சிடியால் கோபப்பட முடியவில்லை.

அந்த மந்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் கெத்தோப்ராக் நாடகத்தில் எழுதிவைத்த வசனம் கிடையாது. குழுத் தலைவர் பாக் ஜோயோ மத்தியானம் எல்லாரையும் உட்கார வைத்து, யார் எப்போது உள்ளே வருவது, என்ன நடந்து முடிவது என்று பாதையை மட்டும் சொல்வார். பேச்சு அவரவர் பாடு. கதை இதுதான்: போரிலிருந்து திரும்பிய ராஜாவிடம் மந்திரி, ராணி தன் கொண்டைப் பூவைத் தளபதிக்குக் கொடுத்துவிட்டாள் என்கிறான். ராஜா ராணியைக் கொல்கிறான். ராணியின் தோழி வந்து உண்மையைச் சொல்கிறாள். ராஜா தன்னையே குத்திக்கொள்கிறான். மந்திரி இரண்டு சவங்களுக்கும் அடக்க ஏற்பாடுகளைக் கவனிக்கிறான், அதே பணிவோடு, அதே குரலில். அங்கே திரை விழும்.

கர்சிடி முதன்முதலில் அந்த வேஷம் கட்டியபோது மந்திரிக்கு ஒரு காரணம் வைத்திருந்தார். ராஜாவின் அப்பா மந்திரியின் அண்ணனைக் கழுவில் ஏற்றியவர், அதனால் பழிக்குப் பழி. ஜனங்கள் பார்த்துவிட்டு, பாவம், அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். நாடகம் சுமாராக ஓடியது. பிறகு ஒருநாள் அண்ணன் கதையைச் சொல்ல மறந்துவிட்டார், அவ்வளவுதான். அன்றைக்கு மந்திரிக்கு ராஜ்யமும் வேண்டியிருக்கவில்லை, ராணியும் வேண்டியிருக்கவில்லை. பொய் சொல்ல முடிகிறது என்பதால் சொன்னான். ராஜாவிடம் ஒன்று, தளபதியிடம் அதற்கு நேர்மாறாக ஒன்று, தோழியிடம் வேறொன்று, ஒவ்வொன்றையும் சொல்லும் நேரத்தில் அதை அவனே நம்புகிறவனாக இருந்தான். உள்ளே ஆள் இல்லாத வீட்டில் விளக்கு மட்டும் எரிகிற மாதிரி. கூட்டம் முடிவில் எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நியாயம் தவறியவன் இருந்தால் நியாயம் என்ற ஒன்று எங்கோ இருக்கிறது என்றாவது ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். இவனிடம் அந்த ஆறுதலும் இல்லை. வேர்க்கடலைத் தோலை அவன் மேல் வீசிவிட்டுப் போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. அதிலிருந்து கர்சிடி அண்ணனைத் திரும்பக் கொண்டுவரவில்லை. கொட்டகை நிரம்பத் தொடங்கியதும் அதிலிருந்துதான்.

பிளித்தார் விஷயத்துக்கும் ஒரு ஆள் இருந்தான். ராஜா வேஷம் கட்டும் குனார்டி. நல்ல உயரம், அகலமான மார்பு, மேடையில் அவன் கண்ணீர் விட்டால் கொட்டகை முழுக்க மூக்கு உறிஞ்சும். அவனுடைய மனைவி கொட்டகை வாசலில் சீட்டுக் கிழிக்கிறாள். பிளித்தாரில் அவனுக்கு ஒருத்தி இருந்தாள், கைக்குழந்தையும் இருந்தது. மனைவி கண்ணில் படாமல் அரிசியும் துணியும் கொடுத்துவிட்டு வர அவன் கர்சிடியைத்தான் அனுப்புவான். நண்பன் கேட்கிறான் என்று கர்சிடியும் போனார். அந்த வீட்டுப் படியேறுவதைச் சந்தைக்காரர் யாரோ பார்த்திருக்கிறார்கள். மந்திரி அந்த வீட்டுக்குள் போனான் என்றால் பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது.

அன்று சாயங்காலம் கர்சிடி குனார்டியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். இபு சுடார்மியிடம் நீயே ஒரு வார்த்தை வந்து சொல், அவர் வெளியில் விடமாட்டார் என்று கேட்டார். குனார்டி மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கேட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டான். முர்தினி என் மகள் மாதிரி என்றான். ஆனால் சீட்டுக் கிழிப்பவள் காதுக்குப் போனால் குழுவே உடைந்துவிடும் என்றான். ராஜா என்றால் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டான். உன்னைப் பற்றி என்ன சொன்னாலும் புதிதாகக் கெட்டுப் போக ஒன்றுமில்லை பார் என்று அவன் சொல்லவில்லை, ஆனால் அவன் கை கர்சிடியின் தோளைத் தட்டிய விதத்தில் அது இருந்தது.

மறுநாள் பிராப்தோ வந்தான். முர்தினியிடம் பேசிவிட்டு கர்சிடியைத் தனியாகப் பார்த்தான். அம்மா பிடிவாதக்காரி இல்லை என்றான். என் அப்பாவுக்கு அப்படி ஒரு குடும்பம் இருந்தது; அவர் இறந்த அன்றுதான் அந்தப் பெண் கையில் குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள்; அது வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாது. அதனால்தான். பெருநாள் வாரம் என்பதால் பகல் ஆட்டமும் இருக்கிறதே, நாளைக்கு அம்மாவைக் கூட்டி வருகிறேன், நாடகம் பார்த்தால் மனது இளகும் என்றான். வாத்தியாராக இருந்தும் பையனுக்கு விவரம் போதவில்லை என்று கர்சிடி நினைத்துக்கொண்டார். எந்தக் குரலைக் கேட்டு அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்ததோ அதே குரலைக் கேட்க, சீட்டு வாங்கி அழைத்து வருகிறானாம்.

அன்று முழுக்க அவருக்கு வேறு யோசனையே ஓடவில்லை. உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளலாம். வேறு யாரையாவது மந்திரியாக்கலாம். ஆனால் பயந்து ஒளிந்துகொண்டான் என்று ஆகும். அண்ணனைத் திரும்பக் கொண்டுவரலாமா என்றும் நினைத்தார். காரணம் இருக்கிற பொய்யன் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவான். ஆனால் காரணம் இருந்தாலும் பொய்யன் பொய்யன்தானே, அதே அரண்மனைப் பேச்சில்தானே அதையும் சொல்வான். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. இத்தனை வருடம் அந்த வாயால் பொய்யையே கேட்டவர்களுக்கு ஒரே ஒரு தடவை அதே வாயால் உண்மையைக் கேட்கக் கொடுத்துவிடுவது. அந்த அம்மாள் அதைக் கேட்டுவிட்டால், இந்தப் பேச்சிலும் உண்மை வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ராணி பிழைத்துக்கொண்டால் பிழைத்துக்கொள்ளட்டும். பாக் ஜோயோ திட்டினால் திட்டட்டும்.

பகல் ஆட்டத்துக்குத் தகரக் கொட்டகை கொதித்தது. புதுத்துணிப் பிள்ளைகள், விசிறிகள், அவித்த கடலை, கிராம்புச் சிகரெட் புகை. வெளியூரிலிருந்து பெருநாளுக்கு வந்தவர்கள் எல்லாம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். திரை ஓட்டை வழியாகக் கர்சிடி பார்த்தார். இபு சுடார்மி முன்வரிசை ஒன்றில் நீலக் கெபாயாச் சட்டை அணிந்து நேராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிராப்தோ. இன்னும் தள்ளி பைனாவும் முர்தினியும்.

முதல் பொய்யை அவர் வழக்கம்போலச் சொன்னார். சுடார்மியின் தலை லேசாகச் சாய்ந்தது. தளபதியிடம் நேர்மாறாகச் சொன்னார், தோழியிடம் வேறு சொன்னார், கொண்டைப் பூவைக் கொண்டுவந்து ராஜாவின் காலடியில் வைத்தார். கூட்டம் உறுமியது. எல்லாம் நன்றாகவே போயிற்று. அன்றைக்கு அவர் குரல் அவ்வளவு தேன் ஒழுகியது என்று பிறகு வாத்தியக்காரர்கள் சொன்னார்கள். ராணியை இழுத்து வந்தார்கள். ராணி வேஷம் போட்ட லெஸ்தாரி தலைவிரிகோலமாக விழுந்து கிடந்தாள். குனார்டி குத்துவாளை உருவி, வழக்கம்போல மந்திரியின் பக்கம் திரும்பினான். கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன், நீ சொன்னது உண்மைதானா என்றான். இந்த இடத்தில் மந்திரி ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருப்பான். பிறகு சூரியனைச் சாட்சி வைப்பான்.

கர்சிடி மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தார். பிறகு மண்டியிட்டு, இரண்டு கைகளையும் குவித்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

“இல்லை மகாராஜா. அடியேன் சொன்னது அத்தனையும் பொய். ராணியார் மேல் குற்றமே இல்லை. உடலாலும் உள்ளத்தாலும் அடியேன் செய்த பிழைகளைத் தேவரீர் பொறுத்தருள வேண்டும்.”

அந்தக் கடைசி வரிதான் காரியத்தைக் கெடுத்தது. மன்னிப்புக் கேட்பதற்கு அரண்மனைப் பேச்சில் எங்களுக்கு இருக்கும் வாக்கியம் அதுதான், ஆனால் அதைத்தான் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் அந்த வாரம் முழுக்க மாமனாரிடமும் மேலதிகாரியிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் பலகாரத்தட்டுக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை யார் நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறார்கள். பின்வரிசையில் ஒருவன், மந்திரி பெருநாளுக்குப் பலகாரம் சாப்பிட வந்திருக்கிறான் டோய் என்று கத்தினான். கொட்டகை வெடித்துச் சிரித்தது. குழந்தைகள் கூடச் சிரித்தன. சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து, நம்பாதே ராஜா, இதுவும் வேஷம் என்று குரல்கள் எழுந்தன. கர்சிடி மண்டியிட்டபடியே நிமிர்ந்து குனார்டியைப் பார்த்தார். நம்பிவிடு என்று கண்ணால் கெஞ்சினார்.

குனார்டிக்கு வியர்த்து மை வழிந்தது. பாதை கையைவிட்டுப் போய்விட்டது. கூட்டம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். அவன் பழைய ஆள். மேடையில் நிற்கும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அவன் உடம்புக்குத் தெரியும்.

“அப்படியா. பேச்சை மாத்திப் பேச ராணி உனக்கு என்னடா கொடுத்தா?”

கைதட்டல் தகரக் கூரையில் மோதியது. குத்துவாள் இறங்கியது. லெஸ்தாரி சாய்ந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்லிவைக்கவில்லை. தோழி வழக்கம்போல ஓடிவந்து, ராணி குற்றமற்றவள், பூவைத் திருடியது மந்திரி என்று அழுதாள். மற்ற நாட்களில் இது எல்லாருக்கும் தெரிந்த உண்மை, ராஜா ஒருத்தனுக்குத்தான் புதியது. கூட்டம் ராஜாவுக்காக அழும். இன்றைக்குத் தோழி பேசப் பேசக் கொட்டகையின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு பெண், அப்ப அவன் நிஜமாத்தான் சொல்லியிருக்கான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. குனார்டி மந்திரியைத் திரும்பிப் பார்த்தான். கர்சிடி அதே இடத்தில், குவித்த கைகளை இறக்காமல் மண்டியிட்டிருந்தார். அடக்க ஏற்பாடுகளைச் சொல்ல வேண்டிய ஆள் அவர்தான், சொல்லவில்லை. கைதட்டியவர்கள் தங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாக் ஜோயோ வேறு வழியில்லாமல் காட்சி முடிய அடிக்கும் மரக்கட்டையைத் தட்டித் திரையை இறக்கச் சொன்னார். ராஜா அன்று தன்னைக் குத்திக்கொள்ளவே இல்லை. கடலைத் தோல் ஒன்றுகூட மேடையில் வந்து விழவில்லை.

உள்ளே வந்ததும் பாக் ஜோயோ திட்ட வாயெடுத்தார். பிறகு எதையோ யோசித்து, ராத்திரி ஆட்டத்துக்கும் இதையே செய்வோமா என்று கேட்டார். கர்சிடி காதில் விழாத மாதிரி துணிப்பெட்டி மேல் உட்கார்ந்து ஒட்டுமீசையின் ஒரு பக்கத்தைப் பிய்த்தார். குனார்டி வந்து எதிரில் நின்றான்.

“நான் என்ன செய்யறது, சொல்லு. உன்ன நம்பினா என்னைப் பாத்துல்ல சிரிப்பாங்க.”

அவன் கேட்டது நியாயம்தான். நல்லவன் சொல்லியிருந்தால் ராணியைக் காப்பாற்றியிருக்கக் கூடிய வார்த்தை, மந்திரி சொன்னதால் கொன்றுவிட்டது. உண்மை என்பது சொல்லில் இருப்பதாக நினைத்தது தன் முட்டாள்தனம் என்று கர்சிடிக்குப் பட்டது. அவமானத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. தூங்கினால் போதும் என்று நினைத்தார்.

அப்போதுதான் படுதாவை விலக்கிக்கொண்டு இபு சுடார்மி உள்ளே வந்தார். பின்னால் பிராப்தோ, அவனுக்கும் பின்னால் என்ன ஆகுமோ என்ற முகத்தோடு பைனா. முர்தினி படுதாவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கர்சிடி எழுந்து நின்றார். பாதி மீசையை மறைக்கக் கை மேலே போனது. குனார்டி முகம் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனான். அவன் போவதைக் கர்சிடி பார்த்தார், கூப்பிடவில்லை.

இபு சுடார்மி தன் முதல் கேள்வியையே மறுபடியும் கேட்டார். அதே மரியாதைச் சொற்கள், ஒன்றுகூட மாறவில்லை.

“பிளித்தார்ல உங்களுக்கு யாராவது இருக்காங்களா பாக் கர்சிடி?”

அரண்மனைப் பேச்சில் சொல்ல வேண்டிய பதில் நாக்கின் நுனியில் தயாராக வந்து நின்றது. அழகான பதில். எத்தனையோ ராஜாக்களை ஏமாற்றிய பதில். இன்று உண்மையையும் அதில் சொல்லிப் பார்த்தாயிற்று. பேசாமல் இருக்கலாம் என்றால், பேசாமல் இருப்பதும் மந்திரியின் வேலைதான். பொய்க்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் அவன் சும்மா இருப்பான் என்று இந்த அம்மாளுக்குத் தெரியாதா. கர்சிடிக்குத் திடீரென்று கோபம் வந்தது. அந்த அம்மாள் மேல் இல்லை, குனார்டி மேலும் இல்லை, தன் வாய்க்குள் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் மேல். அவனுக்குத் தெரியாத பேச்சு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வீட்டுப் பேச்சு.

“இல்ல” என்றார். “யாரும் கிடையாது. அந்த வீட்டுக்கு நான் போனது நிஜம், போன காரணம் வேற, அத உனக்கு சொல்ல மாட்டேன். நீ நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ.”

பைனா ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிராப்தோவின் காது சிவந்துவிட்டது. மாட்டு வண்டிக்காரன் சகவண்டிக்காரனிடம் பேசும் பேச்சு அது. மேளத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்த வாத்தியக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது கர்சிடிக்கு உறைத்தது. கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளை பிறந்த பிறகுகூட ஒரு சம்பந்தி இன்னொரு சம்பந்தியிடம் இந்தச் சொற்களைப் பேசமாட்டார். மகளுடைய வாழ்க்கையை இத்தனை பேருக்கு நடுவில் தன் கையாலேயே உடைத்துவிட்டோம் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதற்கு இருப்பதோ அந்த ஒரே வாக்கியம்.

இபு சுடார்மி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் சுருங்கவில்லை, தலை சாயவில்லை. கர்சிடிக்குத் தெரிந்த எந்த முகமும் அவரிடம் இல்லை. பிறகு மெல்ல நடந்து வந்து, அங்கே கிடந்த ராஜாவின் சிம்மாசனத்தில், அட்டை முகப்புக்குப் பொன்பூச்சு அடித்த சாதாரண நாற்காலிதான் அது, உட்கார்ந்தார்.

“என் வீட்டுக்காரர் என்னை ஒருநாளும் நீன்னு சொன்னதில்ல” என்றார். “கடைசி வரைக்கும் நீங்கதான்.”

அதைப் புகாராகச் சொன்னாரா, இறந்தவருக்குப் பெருமையாகச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. பிராப்தோ அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான், எழுப்புவதா வேண்டாமா என்று தெரியாமல்.

அப்போது முர்தினிதான் உள்ளே வந்தாள். விருந்தாளி உட்கார்ந்துவிட்டார், ஆகவே அவள் கொட்டகை அடுப்பிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் தேநீர் கொண்டுவந்திருந்தாள். மேளப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, குனிந்து, இரண்டு கையாலும் அதை வைத்துவிட்டு, முகத்தை நிமிர்த்தாமல் பின்வாங்கி அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

இபு சுடார்மி தம்ளரைத் தொடவில்லை. தொடவும் மாட்டார். உபசரிப்பவர் குடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் ஊரில் எந்த விருந்தாளியும் தண்ணீரைக்கூட வாயில் வைப்பதில்லை. வைக்காமல் எழுந்து போனவர்களும் உண்டு. அவர் இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு கர்சிடியைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தைக்கும் எங்களிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன, வீட்டுப் பேச்சில் ஒன்று, அரண்மனைப் பேச்சில் ஒன்று. கர்சிடி பாதி மீசையோடு, வாயை லேசாகத் திறந்தபடி நின்றார். தம்ளரிலிருந்து எழுந்த ஆவி நாற்காலியின் பொன்பூச்சில் படிந்தது. அந்த அம்மாள் எழுந்திருக்கவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை, காத்திருந்தார்.